பிள்ளையைக் கூப்பிடுங்கள்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நீங்கள் காரைக்காலுக்குப் போயிருக்கிறீர்களா? மாங்கனித் திருவிழா நடக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியில் நிற்பவர்கள் மாம்பழங்களை வாரி வாரி இறைப்பார்கள். கீழே கூட்டம் முண்டியடிக்கும். அந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. முந்தானையை விரித்துக்கொண்டு நிற்கிற பெண்களைப் பார்த்தால் நமக்கே ‘ஒரு பழமாவது விழணுமே’ என்று இருக்கும்.

இதில் எனக்கு ஒரு ஆச்சரியம் உண்டு. எந்த மாம்பழத்தைக் கொண்டாடுகிறோமோ, அந்த மாம்பழத்தால்தான் ஒரு குடும்பம் கலைந்தது! புனிதவதி, பரமதத்தன் கதை உங்களுக்குத் தெரியும். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு பழத்தில் ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிட்டாள் மனைவி. கணவன் இரண்டாவதையும் கேட்டபோது இறைவனிடம் வேண்டி ஒரு பழம் வாங்கித் தந்தாள். உண்மை தெரிந்ததும் அந்த வணிகன் நடுங்கிப் போனான். ‘இவள் மனுஷி இல்லை, தெய்வம்’ என்று கப்பலேறிப் போனவன், பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்தான். கடைசியில் குடும்பத்தோடு வந்து முதல் மனைவியின் காலில் விழுந்தான். அந்த அம்மையார் 63 நாயன்மார்களில் ஒருவரானார்.

பரமதத்தனை நாம் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது சார். கடவுளுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒருவரோடு தினப்படி குடும்பம் நடத்துவது எப்படி? ரசத்துக்கு உப்பு கம்மி என்று சொல்ல முடியுமா?

இந்த வாரம் நான் கேட்க நினைக்கிற கேள்வி அதுதான். கடவுளுக்காகவோ, ஒரு பெரிய லட்சியத்துக்காகவோ தன்னையே கொடுத்துவிட்டவரின் வீட்டில் மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? அவர் தன்னை மட்டும்தான் கொடுக்கிறாரா?

பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். காரைக்காலிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால், நண்டலாறு தாண்டியதும் தமிழ்நாடு. கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9-ம் தேதி அங்கே இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். சீகன்பால்க், புளுச்சாவ். டென்மார்க் ராஜா அனுப்பிய மிஷனரிகள். சீகன்பால்குக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றது, அச்சுக்கூடம் வைத்தது, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது எல்லாம் பாடப் புத்தகத்திலேயே வந்துவிட்டன.

பாடப் புத்தகத்தில் அதிகம் வராதவர் மரியா டோரதியா. சீகன்பால்க் இடையில் ஐரோப்பா போயிருந்தபோது கல்யாணம் செய்துகொண்டு 1716-ல் அழைத்து வந்த மனைவி. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோபன்ஹேகனிலிருந்து தரங்கம்பாடிக்கு சீகன்பால்கின் முதல் பயணம் ஏழு மாதத்துக்கு மேல் பிடித்தது. ‘அம்மா, எனக்கு உடம்பு சரியில்லை, என்ன கஷாயம் குடிக்கலாம்?’ என்று ஒரு பெண் கடிதம் போட்டால், பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதற்குள் காய்ச்சல் போயிருக்கும், அல்லது ஆளே போயிருப்பார். 1719 பிப்ரவரி 23-ல் சீகன்பால்க் இறந்தபோது அவருக்கு 36 வயது. கல்யாணமாகி நாலு வருஷம்கூட ஆகவில்லை. அவரைப் புது எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 300 வருஷம் கழித்தும் மாலை போடுகிறோம். மரியாவுக்கு மாலை கிடையாது. அதைக்கூட விடுங்கள். ‘நீ வருகிறாயா?’ என்று கேட்கப்பட்டு, ‘வருகிறேன்’ என்று சொல்லி வந்தவர் அவர். வயது வந்த பெண். அவருடைய முடிவு அது.

இந்தப் பக்கம் காரைக்கால், 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கையில். அங்கே வந்தவர்கள் கத்தோலிக்கக் குருமார்கள். அவர்களுக்குக் குடும்பச் சிக்கலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி, பிள்ளைதான் இல்லையே தவிர, அம்மா அப்பா இருந்தார்களே! பாரீஸ் மிஷன் சபையில் வழியனுப்பு விழா என்று ஒன்று நடக்கும். ஆசியாவுக்குப் போகிற இளம் குருமார்கள் பீடத்தின் முன்னால் வரிசையாக நிற்பார்கள். வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய் அவர்கள் பாதத்தில் முத்தமிட வேண்டும். பெற்ற தாய் தகப்பனும்தான். அந்த நாளில் போனால் போனதுதான். பெரும்பாலும் திரும்பி வருகிற பேச்சே இல்லை. இந்தக் காட்சியை 1868-ல் ஒருவர் ஓவியமாகவே வரைந்திருக்கிறார். ஷார்ல் த கூபெர்தென் என்று பெயர். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கினாரே, அவருடைய அப்பா. மகனின் காலில் விழுந்து முத்தமிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அந்தத் தாய் ராத்திரி என்ன சமைத்திருப்பாள்?

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கல்யாணம் வேண்டாம் என்று வந்தவர்கள் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தார்கள். தங்கள் கணக்கை தங்கள் பெயரிலேயே எழுதிக்கொண்டார்கள். பிராட்டஸ்டன்ட் தரப்பிலும் அப்படி ஒருவர் உண்டு. 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேடிக்கை என்னவென்றால் பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள். தரங்கம்பாடியில் இருந்த இன்னொரு மிஷனரி கோல்ஹாப்பின் மகன் இவரிடம்தான் வளர்ந்தான். 1787-ல் தஞ்சை மன்னர் துளஜா சாகும் தறுவாயில், பத்து வயதுத் தத்துப்பிள்ளை சரபோஜியை இவர் பொறுப்பில்தான் விட்டார். சரஸ்வதி மகாலை வளர்த்த அதே சரபோஜி. தஞ்சாவூர் சுவார்ட்ஸ் தேவாலயத்தில் சலவைக்கல் சிற்பம் ஒன்று இருக்கிறது, பார்த்திருக்கலாம். படுக்கையில் கிடக்கிற கிழவரின் கையை சரபோஜி பிடித்துக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளைகூட அப்படிப் பிடிப்பானா என்று தோன்றும்.

குடும்பத்தோடு வந்தவர்கள் பாடு வேறு. அதில் என்னைத் தூங்கவிடாத பெயர் ஒன்று உண்டு. டோரதி கேரி.

வில்லியம் கேரியை நவீன மிஷனரி இயக்கத்தின் தந்தை என்பார்கள். 1793-ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். மனைவி டோரதி ‘நான் வரவில்லை’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வயிற்றில் பிள்ளை. சொந்த ஊரை விட்டு அதிகம் வெளியே போகாதவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ‘சரி, மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன்’ என்று கேரி கிளம்பியே விட்டார். அனுமதி இல்லை என்று கப்பலிலிருந்து இறக்கிவிட்டதால் பயணம் தள்ளிப் போனது. அந்த இடைவெளியில் மறுபடியும் வந்து பேசி, வற்புறுத்தி, தங்கையையும் துணைக்கு வரச் சொல்லி, கைக்குழந்தையோடு டோரதியைக் கப்பலேற்றினார்கள். அடுத்த வருஷமே வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். டோரதியின் மனம் கலங்கியது. திரும்பத் தெளியவே இல்லை. பிற்பாடு செராம்பூரில், அதுவும் தரங்கம்பாடி மாதிரி டேனிஷ்காரர்கள் ஊர்தான், கேரி ஒரு அறையில் உட்கார்ந்து பைபிளை மொழிபெயர்ப்பார். பக்கத்து அறையில் டோரதி அடைக்கப்பட்டிருப்பார். 1807-ல் இறந்தார்.

கேரி கொடுமைக்காரர் இல்லை. மனைவியை வெளியே அனுப்பி எங்காவது விட்டுவிடச் சொன்னபோது மறுத்தவர். உடன்கட்டை ஏறுவதை நிறுத்தப் பாடுபட்டவர்களில் ஒருவர். ஊரில் உள்ள பெண்களை நெருப்பிலிருந்து காப்பாற்றத் துடித்த நல்ல மனிதர். பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில்.

நீங்கள் கேட்கலாம். ‘அந்தக் காலத்துல எந்தப் பொண்டாட்டிய கேட்டு முடிவு பண்ணாங்க? விவசாயி பண்ணானா, வியாபாரி பண்ணானா?’ நியாயம்தான். சரி, மனைவியை விட்டுவிடுவோம். பிள்ளைக்கு வருவோம்.

மிஷனரி வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளை நினைத்துப் பார்க்கிறேன். தாழ்வாரம் வைத்த பங்களா. விடிந்ததும் வேலைக்காரர்களையும் சேர்த்து உட்கார வைத்து ஜெபம். அப்பா மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் போய்விடுவார், பத்து நாள் கழித்து வருவார். அம்மா தாழ்வாரத்திலேயே மருந்து கொடுப்பார், பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித் தருவார். சம்பளம் என்னவோ அப்பாவுக்கு மட்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவது ஆயா. அதனால் வாயில் முதலில் வருவது தமிழ். ‘சோறு’, ‘காக்கா’, ‘வேணாம் போ.’ வருஷத்துக்கு ஒருமுறை சீமையிலிருந்து சபை மக்கள் அனுப்பிய பெட்டி வரும். உள்ளே துணி, பொம்மை, ஏதாவது பழ வற்றல். எந்த ஊரிலிருந்து வந்தது என்று அம்மா சொல்வார். பிள்ளைக்கு அந்த ஊர், பெட்டிக்குள் இருக்கிற ஒரு வாசனை மட்டும்தான்.

பெற்றோருக்கு இரண்டு பயம். ஒன்று காய்ச்சல், காலரா. பொய்யான பயமில்லை. அமெரிக்க டாக்டர் ஜான் ஸ்கட்டர் 1819-ல் மனைவி ஹாரியட்டோடும் சின்னக் குழந்தையோடும் கிளம்பினார். யாழ்ப்பாணம் வந்து சேர்வதற்கு முன்பே, வழியில் கல்கத்தாவில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் சாவுக்கு மேல் சாவு பார்த்துவிட்டுத்தான் 1845-ல் கொடைக்கானல் மலையில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். இன்றைக்கு நாம் ஹனிமூன் போகிற ஊர், பிள்ளைகளைப் புதைத்துப் புதைத்துக் கை ஓய்ந்தவர்கள் கண்டுபிடித்த ஊர்!

இரண்டாவது பயம்தான் எனக்கு உறுத்துகிறது. ஆயாவோடும் தெருப் பிள்ளைகளோடும் சேர்ந்து நம் பிள்ளை இந்த ஊர்ப் பிள்ளையாகவே ஆகிவிடுமோ என்கிற பயம். எந்த ஜனங்களுக்காகக் கடல் தாண்டி வந்தார்களோ, அதே ஜனங்களின் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளை அதிகம் ஒட்டிவிடக் கூடாது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். ஆகவே பத்து, பன்னிரண்டு வயதில், சில சமயம் அதற்கும் முன்னால், கப்பலேற்றி ‘சொந்த நாட்டுக்கு’ அனுப்பினார்கள். மறுபடி பார்க்கிறபோது அம்மாவுக்குப் பிள்ளையை அடையாளம் தெரிய வேண்டும், பிள்ளைக்கு அம்மாவை. 1901-ல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் கடலுக்குப் பதில் மலை என்றாவது ஆனது.

ஜான் ஸ்கட்டரின் மகன்களில் ஏழு பேர் மிஷனரிகளாக இந்தியாவுக்கே திரும்பினார்கள். இதைப் பெற்றோரின் பெரிய வெற்றியாகச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அவர்களுக்கு வீடு என்றால் நினைவுக்கு வந்தது இந்த ஊர் வெயில்தான். வீட்டுக்குத் திரும்ப அவர்களுக்குத் தெரிந்த ஒரே டிக்கெட் மிஷனரி வேலை.

அந்த ஏழு பேரில் ஒருவருடைய மகள் ஐடா. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். சின்ன வயதில் தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தவர். குடும்பம் விடுமுறையில் அமெரிக்கா போனது. முதலில் அப்பா இந்தியா திரும்பினார். பிறகு அம்மாவும் அவரோடு சேர்ந்துகொள்ளப் புறப்பட்டார். பதின்மூன்று, பதினான்கு வயது மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு. அந்த நாளின் அழுகையைப் பற்றி அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐடா ஒரு முடிவுக்கு வந்தார். ‘என்ன ஆனாலும் நான் மிஷனரி ஆக மாட்டேன்.’

சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

ஏன் என்று சொல்கிறேன். நம் காரைக்கால், நாகூர்ப் பக்கம் வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களைச் சபுராளி என்பார்கள். வளைகுடா, சிங்கப்பூர், பிரான்ஸ். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அப்பா. சூட்கேஸைத் திறந்தால் வருகிற சென்ட் வாசனை. விமானம் ஏறப் போகும்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற பிள்ளை. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வளர்ந்தவர். இப்போது ஐம்பது வயது. அவர் சொன்னார்: “எங்கப்பா மேல எனக்குக் கோவம் உண்டுங்க. ஆனா ‘உனக்காகத்தானடா போனேன்’னு அவர் சொல்வார் பாருங்க, அந்த வார்த்தையை வச்சுக்கிட்டு சண்டை போடவும் முடிஞ்சுது, சமாதானம் ஆகவும் முடிஞ்சுது.”

மிஷனரியின் பிள்ளைக்கு அந்த வார்த்தை இல்லை. ‘உனக்காகப் போகவில்லை, கடவுளுக்காகப் போகிறேன்’ என்பதுதான் அங்கே பதில். பிள்ளை யாரோடு போட்டி போடும்? பக்கத்து வீட்டுப் பையனோடு போட்டி போடலாம், தம்பியோடு போட்டி போடலாம், கடவுளோடு எப்படிப் போட்டி போடுவது? கோபப்பட்டால் அதுவே பாவம். ‘எனக்கு அம்மா வேணும்’ என்று அழுதால், அம்மா இல்லாத ஆயிரம் பிள்ளைகளுக்காகத்தான் உன் அம்மா போயிருக்கிறாள் என்பார்கள். பத்து வயதுப் பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்லும்? வாயை மூடிக்கொள்ளும். நாம் ‘எவ்வளவு பக்குவமான பிள்ளை’ என்று பாராட்டுவோம்.

தியாகம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. யாருமே வீட்டை விட்டுக் கிளம்பவில்லை என்றால் அச்சுக்கூடமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. ஆனால் என் தியாகத்துக்கான பில்லை என் பிள்ளையும் சேர்ந்து கட்டுகிறது என்றால், அது தெரிந்து நடக்க வேண்டும். ‘உன் பங்கும் இதில் இருக்கிறது, உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன், நீ கோபப்படலாம்’ என்று அந்தப் பிள்ளையிடம் சொல்கிற தைரியம் வேண்டும். பெரும்பாலான புனிதர்களுக்கு மற்ற எல்லா தைரியமும் இருக்கிறது, இது மட்டும் குறைகிறது.

இது கிறிஸ்துவர்களுக்கு மட்டும் சொல்கிற பேச்சில்லை. காரைக்காலிலிருந்து தென்மேற்கே திருமருகல் பக்கம் போனால் திருச்செங்காட்டங்குடி. சிறுத்தொண்டர் ஊர். பல்லவ சேனாதிபதியாக வாதாபி வரை போனவர், பிறகு அடியாருக்குச் சோறு போடாமல் சாப்பிடாதவர். பைரவ வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்டார். ஐந்து வயது, ஒரே பிள்ளை, தாய் பிடிக்க, தந்தை அரிய, இருவரும் மனம் குளிர்ந்து செய்ய வேண்டும். பள்ளிக்கூடம் போயிருந்த சீராளனை அப்பா போய்த் தூக்கி வந்தார். தாயும் தந்தையும் முகம் மலர்ந்திருப்பதைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரித்தான் என்கிறது பெரிய புராணம். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாண்டிப் போக முடிவதில்லை. அவனுக்கு விஷயம் தெரியாது. அப்பா அம்மா சந்தோஷமாக இருக்கிறார்கள், அது போதும் அவனுக்கு.

மிஷனரிகள் கையில் இருந்த பைபிளிலும் இதே மாதிரி கதை உண்டு. ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப் போகிறார். விறகைச் சுமந்துகொண்டு போகிற பையன், பலிக்கு ஆடு எங்கே என்று கேட்கிறான். கடைசி நிமிடத்தில் கடவுள் தடுத்துவிடுகிறார், பிள்ளை பிழைத்துக்கொள்கிறான். சுபம். ஆனால் கவனித்துப் படியுங்கள். அதற்குப் பிறகு அந்த அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக பைபிளில் எங்குமே இல்லை.

திருச்செங்காட்டங்குடிக் கதையில் பலரும் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. இலை போட்டு எல்லாம் பரிமாறியாயிற்று. வந்தவர் கையை வைக்கவில்லை. ‘உன் பிள்ளையைக் கூப்பிடு, அவன் கூட உட்கார்ந்தால்தான் சாப்பிடுவேன்’ என்கிறார். ‘அவன் இப்போது உதவ மாட்டான்’ என்கிறார் அப்பா. ‘இல்லை, வெளியே போய்க் கூப்பிடு.’ தகப்பனும் தாயும் வாசலில் வந்து நின்று கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிற மாதிரி சீராளன் ஓடி வருகிறான். சாப்பிட வந்தவரே பிள்ளை இல்லாத பந்தியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார்! சித்திரைப் பரணியில் இன்றும் அந்த ஊரில் அமுது படையல் நடக்கிறது. நாம் பிள்ளையைக் கொடுத்ததை நினைவில் வைத்துக்கொண்டோம், பிள்ளையைக் கேட்டதை மறந்துவிட்டோம்.

மிஷனரி என்றால் வெள்ளைக்காரர் என்கிற காலம் போய் ரொம்ப நாளாகிறது. 1903-லேயே திருநெல்வேலிக் கிறிஸ்துவர்கள் தங்கள் காசில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்து ஆந்திரப் பக்கம் ஆள் அனுப்பினார்கள். இன்றைக்கும் நாசரேத், சாயர்புரம் பக்கத்திலிருந்து போய் பீகாரிலும் குஜராத் மலையிலும் குடும்பத்தோடு இருக்கிற தமிழர்கள் உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய அதே பிரச்னை அவர்களுக்கு. பிள்ளையைப் படிக்க வைப்பது எங்கே? டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்று இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு உறைவிடப் பள்ளி இருக்கிறது. 1895-ல் தமிழ்நாட்டுக்கு வந்து, 1951-ல் சாகும்வரை ஊருக்கே திரும்பாமல், கல்யாணமும் செய்யாமல், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த ஏமி கார்மைக்கேலின் டோனாவூர்தான் அது. அந்த மாதிரிப் பிள்ளைகளிடம் ‘சொந்த ஊர் எது?’ என்று சாதாரணமாகக் கேட்டுவிடாதீர்கள். அம்மாவின் ஊரா, அப்பா வேலை பார்க்கிற ஊரா, ஹாஸ்டல் இருக்கிற ஊரா என்று உள்ளே ஒரு கணக்கு ஓடும். தீபாவளி ரயிலில் நீங்கள் வீட்டுக்குப் போகும்போது, வீடு என்பது எந்தத் திசை என்று யோசிக்கிற பிள்ளைகள் அவர்கள்.

ஒரு பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. சொல்லவும் மனசு கூசுகிறது. கிரஹாம் ஸ்டெயின்ஸ். ஆஸ்திரேலியர். 1965-லிருந்து ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்காக உழைத்தவர். 1999 ஜனவரி 22 நள்ளிரவு, மனோகர்பூர் கிராமத்தில் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தவரை உயிரோடு கொளுத்தினார்கள். கூடத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தி. ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், விடுமுறைக்கு வந்திருந்தார்கள். இதில் தகப்பனுக்கு ஒரு குற்றமும் இல்லை. குற்றம் முழுக்கத் தீப்பந்தம் பிடித்த கைகளுடையது. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு இரண்டு நாள் சுற்றலாம் என்று ஆசைப்பட்டுப் போன பிள்ளைகள், அவ்வளவுதான். தாய் கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். உலகமே கைகூப்பியது. நானும்தான். ஆனால் மன்னிக்க முடிகிற அளவுக்குப் பெரிய மனசு இல்லாத தாய்மார்களை, ‘எனக்கு லட்சியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், என் பிள்ளைகளைக் கொடுங்கள்’ என்று கதறியிருக்கக்கூடியவர்களை, நாம் ஒரு படி கீழே வைத்துவிட வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஜெபமாலையும் இருக்காது, வாளும் இருக்காது. ஆனால் கட்சிக்காக உழைக்கிறவர் இருக்கலாம். ஊருக்காக ஓடுகிற டாக்டர் இருக்கலாம். நாடகம், சினிமா, சமூக சேவை, தொழிற்சங்கம் என்று ஏதோ ஒன்றுக்குத் தன்னைத் தந்துவிட்டவர் இருக்கலாம். ‘அவர் வீட்டைப் பத்திக் கவலைப்படவே மாட்டார்’ என்று மேடையில் பாராட்டும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அவருடைய பிள்ளைகளின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அந்த வாக்கியத்துக்கு அவர்கள் கைதட்டுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

ஐடா ஸ்கட்டர் கதையை ‘மாட்டேன்’ என்ற இடத்தில் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருக்கும் வீட்டில் மனைவி பிரசவ வேதனையில். ஆண் டாக்டர் தொடக் கூடாது, நீ வா என்றார்கள். நான் டாக்டர் இல்லையே என்றார் ஐடா. காலையில் மூன்று பெண்களும் இறந்த சேதி வந்தது. டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இதைக் கடவுளின் அழைப்பு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் முதலில் ‘மாட்டேன்’ என்று சொல்லியிருந்தார் என்பது. அதனால்தான் பிறகு சொன்ன ‘சரி’, தாத்தாவுடையதாகவோ அப்பாவுடையதாகவோ இல்லாமல் அவருடையதாகவே இருந்தது.

வேலூருக்கு வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். சின்ன வயதில் மகளை விட்டுவிட்டுக் கப்பலேறிய அம்மா சோஃபியா, அதற்குப் பிறகு தன் கடைசி நாள்வரை அந்த மகளின் வீட்டில்தான் இருந்தார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து ஐடா ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் வீட்டில் அம்மா இருந்தார்.